பாசிக்குக் கீழே இரண்டு வருஷம்

பெரெக்ரின் துரையின் சாப்பாட்டு அறையில், கணப்புக்கு மேலே, தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் ஒரு வீடு தொங்குகிறது. ஆற்றங்கரை, சரிந்த கூரை, கூரை முழுக்கப் பச்சைப் பாசி, பக்கத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஒரு மரம். பார்க்கிறவர்கள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்து ஆகா என்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். அந்தக் கூரைக்குக் கீழே குடியிருந்தவர்கள் என் பெரியப்பா மகன் ஆமோஸ் ஃபிஸ்க்கும் அவன் மனைவி கெசியா அண்ணியும். படத்தில் அவர்கள் இல்லை. ஓவியனுக்கு மனுஷர்களை வரைய வராதாம். பிற்பாடு அவனே சொன்னான்.

நான் ஜேபஸ் ஃபிஸ்க். ஹாக்ஸ்லிங் துறையில் ஓடம் தள்ளிக்கொண்டிருந்தவன். துறையும் ஓடமும் ஊரில் உள்ள வீடுகளும் துரையுடையவை, கை மட்டும் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்கும்போது, இவன் ஏன் இப்படிச் செய்தான் என்று யாரும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கெசியா அண்ணி பிறந்ததே சரக்குப் படகில். நிலக்கரி ஏற்றிய படகு மதகுக் கதவு திறக்கக் காத்து நின்றபோது அவள் அம்மாவுக்கு வலி கண்டது. மதகுக்காரன் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இன்னும் இறங்கவில்லை என்று ஆமோஸ் சொல்லிச் சிரிப்பான். அவள் கோபத்தில் பாதி ஊருக்கு நல்லதுதான் செய்தது. பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழைகளுக்குப் பொறுமையே அணிகலன் என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். வெளியே வரும்போது அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாரம் அந்த நகைய நீங்க போட்டுக்கங்க ஐயா, எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் பொறுமையைப் பற்றி நெடுநாள் பேச்சே இல்லை.

ஆமோஸ் படகு இழுக்கும் குதிரையைக் கரையோரமாக நடத்திப் போகிறவன். அவளைவிடப் பேச்சு குறைவு. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டைக் கோயில் பின்புறம் புதைத்தார்கள், மூத்தவள் தாமார் லண்டனில் ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்காரி. அண்ணி மாவு மில்லுக்குச் சாக்கு தைத்தாள், அறுவடை வந்தால் அரிவாள் பிடித்தாள். ஒரு பிப்ரவரியில் குதிரை பனிக்கட்டியில் சறுக்கி ஆமோஸையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. குதிரை பிழைத்தது. ஆமோஸும் பிழைத்தான், ஆனால் நெஞ்சில் ஒரு சளி வந்து குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு ஈரம் பட்டால் இருமல், இருமல் வந்தால் ரத்தம். வைத்தியர் வேறு மருந்தே சொல்லவில்லை. காய்ந்த இடத்தில் படுக்கவை என்றார், அவ்வளவுதான்.

காய்ந்த இடத்துக்கு எங்கே போவது? கூரை இருபது வருஷத்துக் கூரை. பாசி பிடித்து, கனத்து, உட்காரத் தொடங்கியிருந்தது. அண்ணி இரண்டு அறுவடைக்குக் கூலியில் பாதியைக் கோதுமை வைக்கோலாகவே வாங்கிச் சேர்த்தாள். வீட்டுக்குப் பின்னால் போர் போட்டு, மேலே பழைய சாக்கு மூடி, கோழி ஏறினால்கூடத் திட்டிக்கொண்டு காவல் காத்தாள். ஜூன் கடைசியில் கூரை வேய்கிறவன் வருவதாகப் பேச்சு. அப்போது துரை ஒன்றும் மறுக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாது.

ஜூன் முதல் வாரத்தில்தான் அந்த ஓவியன் வந்தான். ஆம்ப்ரோஸ் டில்லட் என்று பெயர், மார்ல்பரியில் ஒரு மருந்துக் கடைக்காரர் மகன், பத்தொன்பது வயது. காற்றடித்தால் பறந்துவிடுவதுபோல் இருப்பான். நான்தான் அவனை எதிர்க்கரைக்கு ஓடத்தில் கொண்டுபோய் விடுவேன். அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க அந்த வீட்டையே பார்ப்பான். மத்தியானம் இங்கே வந்து அண்ணி கையால் விலாங்குமீன் குழம்பும் மாவு உருண்டையும் சாப்பிடுவான். உருண்டை எண்ணிக்கையைச் சொன்னால் அவன் அப்பாவுக்கு மானம் போகும்.

கூரை வேய ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் பையனுக்கு முகம் செத்துவிட்டது. புது வைக்கோல் மஞ்சளாகப் பளீரென்று அடிக்குமாம், படமே போய்விடுமாம். இந்தப் பச்சையை நம்பித்தான் வந்திருக்கிறேன், இரண்டு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினான். அண்ணி முடியாது என்றாள். ஆமோஸ்தான், "பையன் ஆசப்படுறான், ரெண்டு வாரந்தானே" என்றான். அண்ணியும் கடைசியில் சரி என்றாள். ஒரு படத்துக்காகச் சொந்தக் கூரையைத் தள்ளிப்போட எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் புத்தி போகும்.

இரண்டு வாரம் ஆகஸ்ட் கடைசிவரை போனது. அதற்குள் கூரை வேய்கிறவன் பண்ணைகளில் போர் மூடப் போய்விட்டான். செப்டம்பர் மழையில் அண்ணியின் வைக்கோல் போர் அடியிலிருந்து அழுகியது. பையன் படத்தைச் சுருட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நன்றி சொல்லிவிட்டுப் போனான். அண்ணி வழிக்கு ஒரு துண்டு பன்றி இறைச்சி கட்டிக் கொடுத்தாள். மறுபடி அரிவாள் பிடித்து மறுபடி வைக்கோல் சேர்த்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

அடுத்த மே மாதம் அந்தப் படம் லண்டனில் பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும் இடத்தில் மாட்டப்பட்டது. பெரெக்ரின் துரையும் போயிருக்கிறார். இது யார் ஊர் என்று யாரோ கேட்க, ஹாக்ஸ்லிங் என்று பையன் சொல்ல, தன் ஊர், தன் வீடு என்று துரைக்கு அப்போதுதான் தெரிந்தது. வாங்கிக்கொண்டு வந்தார். ஜூனில் காரியஸ்தர் கிரிம்வேட் குதிரையில் வந்து, இறங்காமலே உத்தரவு சொன்னார். கூரையைத் தொடக்கூடாது. பாசியைச் சுரண்டக்கூடாது. மரத்தை வெட்டக்கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது. படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். மீறினால் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளோடு வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஆமோஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களா வாசலுக்கு மூன்று தடவை போனான். முதல் தடவை துரை வேட்டைக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை விருந்தாளிகள். மூன்றாம் தடவை துரையே வெளியே வந்து, அவன் தோளைத் தட்டி, உன் வீடு ஒரு கவிதை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆமோஸ் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னான். அண்ணி ஒழுகும் இடத்துக்கு அடியில் பானையை நகர்த்திக்கொண்டே, "கவிதைக்கு இருமல் வருமான்னு கேட்டியா?" என்றாள்.

அந்தக் குளிர்காலம் ஏழு பானை வைத்தார்கள். படுக்கையை எங்கே நகர்த்தினாலும் தண்ணீர் பின்னாலேயே வந்தது. கடைசியில் அடுப்பை ஒட்டிய மூலைதான் கொஞ்சம் தேவலை என்று அங்கே போட்டார்கள். இரண்டாம் வருஷம் அண்ணி படகுக்காரர்களிடம் ஒரு தார்ப் பாய் கேட்டு வாங்கி, உள்பக்கமாக, உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவில் செருகினாள். வெளியே ஒரு இழை பாசிகூட அசையவில்லை. ஒரு மாதம் ஆமோஸ் நிம்மதியாகத் தூங்கினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளி ஒருவர் தூரக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ஓட்டையில் கறுப்பாக ஏதோ தெரிகிறதே என்று சொல்லிவிட்டார். மறுநாள் இரண்டு ஆட்கள் வந்தார்கள். பாயைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணி கோணி ஊசியை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். என்ன பிரயோசனம், அவர்களும் கூலி ஆட்கள்தான். ஒருவன் அவளைப் பார்க்க வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே போனான்.

அந்த விருந்தாளிகளை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனது யார்? நான்தான். ஓவியன் முக்காலி போட்ட இடத்தில் அவர்களை இறக்கிவிடுவேன். துரை கையை நீட்டி இதோ பாருங்கள் என்பார். ஒரு சீமாட்டி என்னைப் பார்த்து, உண்மையிலேயே அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டாள். என் அண்ணன் இருக்கிறான் அம்மா என்றேன். எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லி என் உள்ளங்கையில் ஆறு பென்ஸ் வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது குளிர்காலம் தாங்காது என்று வைத்தியர் நேரடியாகவே சொல்லிவிட்டார். ஆமோஸுக்கு எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. அப்போதுதான் மிக்கேல் திருநாள் வந்தது.

எங்கள் ஊரில் அன்றைக்குக் குடியானவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு உயிர் வாத்தோடு பங்களாவுக்கு விருந்து சாப்பிடப் போவார்கள். காரியஸ்தர் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் எழுந்து துரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கூடையில் வாத்தை வைத்து, இன்னொரு வருஷம் ஐயா என்பான். துரை ஒரு வாய் பீர் குடித்தால் வீடு இன்னொரு வருஷத்துக்கு அவனுடையது. வாத்தை வைக்காமல் திரும்பினால் வீட்டை விட்டுவிட்டான் என்று அர்த்தம். அப்படி யாரும் திரும்பி நான் பார்த்ததில்லை. பெண்கள் அந்த விருந்துக்கு வருவதும் இல்லை. அண்ணி வந்தாள். கால் கட்டிய வெள்ளை வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வாத்து வழியில் இருந்தவர்களை எல்லாம் கொத்தியது.

துரைக்கு வலப்பக்கம் ஆம்ப்ரோஸ் டில்லட் உட்கார்ந்திருந்தான். நீலக் கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி, கொஞ்சம் சதைகூட வைத்திருந்தது. ஆமோஸ் பெயரைக் கிரிம்வேட் கூப்பிட்டார். அண்ணி எழுந்து நேராகக் கூடைக்குப் போகவில்லை. கணப்புக்கு முன்னால் போய் நின்று படத்தைப் பார்த்தாள். அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தாள். வாத்தை வை என்று கிரிம்வேட் சொன்னார். அவள் ஓவியன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, என்னத் தெரியுதா?"

அவன் காது சிவந்துவிட்டது. "தெரியாம என்னம்மா. உங்க கையால எவ்வளவு சாப்பிட்டிருக்கேன்."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. இது முடிஞ்சு போச்சு, சட்டத்துக்குள்ளயும் போயிருச்சு. இனிமே நான் என் கூரைய மாத்தினா, இங்க இருக்குற இந்தப் பச்ச மஞ்சளாயிருமா?"

மேஜையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டான். ஓவியன் துரையைப் பார்த்தான். அடுத்து பங்களாவையே வரையச் சொல்லித்தான் துரை அவனை வரவழைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆகாது என்று சொல்லியிருந்தால் போதும். படம் அவனுடையது, அவன் சொன்னால் துரை கேட்டிருப்பார்.

"அந்தப் பாசில ஒரு இது இருக்கும்மா," என்றான். "போச்சுன்னா திரும்ப வராது."

அத்தனை உருண்டையும் இதற்காகத்தானா அண்ணி உருட்டிப் போட்டாள்? எனக்கு எழுந்து போய் அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. எழவில்லை. இருபது பேர் இருந்தோம், ஒருவனும் எழவில்லை. எங்கள் வாத்துகள் ஏற்கெனவே கூடையில் இருந்தன.

துரை கெட்டவர்போல் பேசவே மாட்டார், அதுதான் அவரிடம் தாங்க முடியாதது. சிரித்த முகமாக, "உன் வீட்ட இங்கிலாந்தே பாக்குது, கெசியா. உனக்குப் பெருமையா இல்லையா?" என்றார்.

"பாக்குறவங்க வெளிய நின்னு பாக்குறாங்க துரை. நாங்க உள்ள நனையுறோம்."

அவர் பீர்க் குவளையைக் கையில் எடுத்துக் காத்திருந்தார். வாத்தை வைப்பாள், ஒரு வாய் குடித்து விவகாரத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தார். அண்ணி மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இதுல மனுஷங்களே இல்லையே. அந்த ஒரு குறைதான் இருக்கு. நாங்களும் போயிடுறோம், அப்ப அச்சு அசலா இருக்கும்."

வாத்தை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். துரையின் குவளை பாதி வழியில் நின்றது. குடிப்பதா வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மனிதரை அவ்வளவு அசடாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் எனக்கு வாசல்வரைகூட நிற்கவில்லை. வீட்டை விட்டவள் எங்கே போவாள்?

மார்ல்பரிக்குப் போனாள். தோல் பதனிடும் இடத்துக்குப் பின்னால் அவள் தங்கை வீடு. வரிசையாகச் செங்கல் வீடுகள், நாற்றம் தாங்காது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆனால் மேலே ஓடு. ஆமோஸை மெத்தையோடு தூக்கி என் ஓடத்தில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனேன். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஆமோஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "டேய், இங்க மழ சத்தம் மட்டுந்தான்டா வருது" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இந்த வீட்டை எவனும் வந்து வரைய மாட்டான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள் அண்ணி.

பிப்ரவரியில் ஆமோஸ் செத்துப்போனான். இரண்டு வருஷம் முன்னாலேயே இந்த மாதிரி இடத்துக்கு வந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பான் என்று வைத்தியர் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அண்ணி அழவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது, "அழணும்னா கோவம் கொஞ்சம் எறங்கணும் ஜேபஸு, எறங்க மாட்டேங்குது" என்றாள்.

வசந்தம் வந்ததும் விருந்தாளிகள் வந்தார்கள். ஓடம் நிறைய ஏற்றிக்கொண்டு போனேன். எதிர்க்கரையில் நின்று பார்த்தார்கள், யாரும் ஆகா என்று சொல்லவில்லை. வீடு செத்துக் கிடக்கிறதே என்றாள் ஒருத்தி. படத்தில் புகைபோக்கியிலிருந்து மெல்லிசாக ஒரு புகை எழும். வீட்டில் அது இல்லை. துரைக்குப் பெரிய அவமானம். மறுநாள் கிரிம்வேட் என்னிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே போய் அடுப்பை மூட்டு, விருந்தாளிகள் திரும்பும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொள், அதுவரை ஓடத்தை என் ஆள் தள்ளுவான் என்றார். முடியாது என்றால் துறை கைவிட்டுப் போகும். சரி என்றேன். ஆமோஸ் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் அடுப்பில், குடியில்லாத வீட்டில், ஊரார் பார்ப்பதற்காக நான் புகை போட்டேன். கோழை என்று என்னை யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு மழை. விருந்தாளிகள் எதிர்க்கரை மரங்களுக்கு அடியில் குடையோடு நிற்கிறார்கள், துரை கையை நீட்டுகிறார், இங்கே கூரை ஓட்டை வழியாகத் தண்ணீர் நேராக அடுப்பில் கொட்டி நெருப்பை அணைத்துவிட்டது. நான் ஊதி ஊதிப் பார்த்தேன். புகை வரவில்லை.

புதன்கிழமை பங்களாத் தச்சர்கள் வந்தார்கள். அடுப்புக்கு மேலே, அந்த மூலை முழுவதும், உள்பக்கமாகப் பலகை அடித்து, அதன்மேல் ஈயத் தகடு விரித்து, தண்ணீர் பின்பக்கம் வழிந்து போகும்படி செய்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாசி அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறும் மழை. நான் அந்த மூலையில் உட்கார்ந்து நெருப்பைக் கிண்டினேன். என்மேல் ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், நான் உட்கார்ந்திருப்பது ஆமோஸின் படுக்கை கிடந்த இடம் என்று எனக்கு உறைத்தது.

அன்றைக்குச் சாயங்காலமே மார்ல்பரிக்கு நடந்தேன். அண்ணி ஜன்னலோரம் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். புகை போட்டதிலிருந்து பலகை அடித்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். துரையைத் திட்டுவாள், கூடச் சேர்ந்து நானும் திட்டலாம் என்று நினைத்தேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"எத்தன நாள்ல அடிச்சாங்க?"

"மூணு நாள்ல அண்ணி."

"புகைக்கு." அவள் நூலைக் கடித்து அறுத்தாள். "அவரு ரெண்டு வருஷம் கேட்டாரு."

நான் தலையாட்டினேன். அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ நனையலயா?"

"இல்ல அண்ணி."

"அவரு படுத்திருந்த எடத்துல."

"அங்கதான்."

"ஓடத்துல அவங்கள ஏத்திட்டுப் போனப்ப நான் ஒரு வார்த்த சொல்லல. வயித்துப்பாடுன்னு விட்டேன். இதுக்கும் நீயே போய் உக்காந்தியாடா? வேற ஆளே கெடைக்கலயா அவங்களுக்கு?" அவள் குரல் உயரவே இல்லை. "எந்திரிச்சுப் போ."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு கிரிம்வேட் விறகு அனுப்பினார், நான் திருப்பி அனுப்பினேன். துறை போய்விட்டது. இப்போது மார்ல்பரியில் மூட்டை தூக்குகிறேன். துரைக்கு வேறு ஆள் கிடைப்பது என்ன கஷ்டம், ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டான். இன்றைக்கும் அந்த வீட்டிலிருந்து புகை வருகிறது. அண்ணி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை.